குட்டை முட்டைக்கு யார் காரணம்?

கோலாலம்பூர்

அன்புள்ள சிவா,

படங்கள் வந்து சேர்ந்தன. பழ ஈயின் முட்டை குட்டையாக இருக்கிறது என்றதுமே கெல்ச் மரபணு பழுதாகி வளையக் கால்வாய் (உயிரணுக்களை இணைக்கும் வளைய வடிவத் துளை) தானே அடைத்துவிட்டது என்று தீர்ப்பு எழுதிவிட்டாய். எனக்கு அப்படித் தெரியவில்லை.

ஓர் உயிரணு நான்கு முறை பிரிந்து 16 ஆவதும், பிரிவு முழுதாக முடியாமல் 15 கால்வாய்கள் மிஞ்சுவதும் உனக்கு மனப்பாடம். முட்டையாகும் அந்த ஒன்றுக்குள் நான்கு கால்வாய்கள் திறக்கின்றன. மீதி 15ம் முட்டைக்கு ஊட்டும் செவிலி உயிரணுக்கள். முட்டை வளர்ச்சியின் 11ஆம் கட்டத்தில் அவை தங்கள் சரக்கை அரைமணி நேரத்துக்குள் அந்தக் கால்வாய்கள் வழியே கொட்டியாக வேண்டும்; கொட்டாவிட்டால் முட்டை குட்டையாகிவிடும். அந்த வேளையில் வழி மறிப்பது எது என்பதுதான் கேள்வி.

கெல்ச் பழுதானால் வளையத்துக்குள்ளேயே ஆக்டின் என்ற இழைப் புரதம் குவிந்துவிடும். ஆக்டினில் ஒட்டும் ஃபாலாய்டின் சாயத்தில் வளையல் தெரிய வேண்டிய இடத்தில் தட்டு தெரியும். சிக்கடி, குவெய்ல், சிஞ்சுடு ஆகிய மரபணுக்கள் பழுதானால் கதை வேறு: வளையம் சுத்தமாக இருக்கும். 11க்குச் சற்று முந்திய 10பி கட்டத்தில் செவிலிகளின் உட்கருவைச் சுற்றிக் கூண்டுபோல் எழும் ஆக்டின் கயிறுகள்தான் சரியாக உருவாகாது. பிடிமானம் இல்லாத உட்கரு, கொட்டும் ஓட்டத்தோடு போய்க் கால்வாயின் வாயில் தக்கைபோல் உட்கார்ந்துகொள்ளும். உன் மூன்றாவது படத்தைப் பெரிதாக்கிப் பார். வளையம் பளிச்சென்று வளையலாகவே இருக்கிறது. அதன் வாயில் நீல உட்கரு நசுங்கிக் கிடக்கிறது. இதில் கெல்ச்சைக் குறை சொல்ல என்ன இருக்கிறது?

ஆனால் அதற்கும் முந்திய 10ஏ கட்டத்துப் படத்தைக் காட்டிக் 'கயிறே இல்லை' என்று எழுதிவிடாதே. அப்போது நல்ல ஈயிலும் கயிறு இருக்காது. முட்டையும் செவிலிகளும் அடங்கிய அறையில் முட்டை பாதி நீளத்தைப் பிடித்து, அறையைப் போர்த்திய மேலுறை உயிரணுக்கள் செவிலிக்கும் முட்டைக்கும் நடுவே நகரத் தொடங்கிய பிறகு எடு. சாய்ந்து கிடக்கும் வளையம் ஒரே அடுக்கில் இரண்டு புள்ளியாகத்தான் தெரியும். அரை மைக்ரான் இடைவெளியில் அடுக்கடுக்காக எடுத்தால் ஏமாற மாட்டாய்.

சாயம் மங்கலாக விழுவதற்கு மெத்தனால்தான் காரணமாக இருக்கும். திசுவைப் பதப்படுத்தக் கடையில் வாங்கும் ஃபார்மலினில் அது நிலைப்படுத்தியாகக் கலந்திருக்கும். மெத்தனால் பட்டால் ஆக்டினில் ஃபாலாய்டின் ஒட்டாது. மெத்தனால் இல்லாத 16% ஃபார்மால்டிஹைடு ஆம்பூலை 4% ஆக்கி, 20 நிமிடம் போதும். பிறகு 0.1% ட்ரைட்டன் சோப்புத் திரவம் கலந்த பிபிஎஸ் உப்புக் கரைசலில் மூன்று முறை, பத்துப் பத்து நிமிடம் அலசு. கருப்பையை ஊசியால் கோதிச் சினைக்குழல்களைப் பிரித்துவிடு; இல்லாவிட்டால் தசையுறை சாயத்தை உள்ளே விடாது.

பெண் ஈக்களுக்கு ஆண்களோடு இரண்டு நாள் புது ஈஸ்ட் பசை, 25 டிகிரி. ஈஸ்ட் காய்ந்துபோனால் 8ஆம் கட்டத்தையொட்டியே அறைகள் செத்துவிடும், 10ஆம் கட்டம் கண்ணில் படவே படாது. பினாங்கில் 'அறை வெப்பநிலை' என்றால் 30ஐத் தொடும், அதில் ஆண் ஈக்கள் மலடாகும். நீண்ட விடுமுறையில் கட்டடத்து ஏர்கோனை நம்பாதே, இன்குபேட்டரில் வை.

அதே தட்டில் வளர்ந்த நல்ல உடன்பிறப்பு ஈயின் 10பி படம் ஒன்றையும் சேர்த்து அனுப்பு. அது இல்லாமல் என்னால் மேலே எதுவும் சொல்ல முடியாது.

அன்புடன்,
குமார்