கத்தியை உள்ளே வை, குமரேசா

ஹெப்பால், பெங்களூர்

அன்புள்ள குமரேசா,

நீ அனுப்பிய போட்டோக்களைப் பார்த்தேன். கழுத்தைத் திருகிக்கொண்டு சுற்றிச் சுற்றி வரும் அந்தச் சேவலின் வீடியோவையும் பார்த்தேன். பச்சையும் வெள்ளையுமாகக் கழிச்சல், தொங்கிய இறக்கை, இரண்டு நாளில் வரிசையாகச் சாவு என்று நீ சொல்வதையெல்லாம் சேர்த்துப் பார்த்தால் ராணிகேத், அதாவது கோழிக்கழிச்சல் வைரஸ் நோய் என்று சந்தேகப்படுவது நியாயம்தான். ஆனால் கடைசி வரியில் "ஒன்றைக் கிழித்துப் பார்த்துவிடவா?" என்று கேட்டிருக்கிறாயே, அதற்காகத்தான் இந்த அவசரக் கடிதம். வேண்டாம்.

கிழித்தால் உள்ளே என்ன தெரியும் என்று சொல்லாமல் விட்டால் நீ யூடியூபில் தேடிக் கத்தியை எடுத்துவிடுவாய். அதனால் சொல்லிவிடுகிறேன். தீனியை அரைக்கும் தடித்த பைக்குச் சற்று மேலே மெத்தென்ற இன்னொரு பை உண்டு. அதைச் சுரப்பு இரைப்பை என்போம். பிளந்து கழுவினால் உள்சுவர் முழுக்கச் சின்னச் சின்ன மேடுகள் இருக்கும். ராணிகேத் கடுமையாகத் தாக்கிய கோழியில் ஒவ்வொரு மேட்டின் நுனியிலும் குங்குமப் பொட்டு வைத்தது போல ரத்தக் கசிவு தெரியும். அப்புறம் குடலைப் பிடித்துக்கொண்டு கீழே வந்தால், இரண்டு குருட்டுக்குடல்களும் பிரியும் இடத்தில் ஒரு தடிப்பு. அது வீங்கி, ரத்தம் கட்டி, சில சமயம் அழுகியும் இருக்கும். குடல் சுவரில் வட்ட வட்டமான புண்கள், வெட்டுவதற்கு முன்பே வெளியிலிருந்து கருஞ்சிவப்பாகத் தெரியும்.

நாங்கள் படித்த காலத்தில் அந்தச் சிவப்புப் பொட்டைப் பார்த்தவுடன் ராணிகேத் என்று எழுதினால் மதிப்பெண் கிடைத்துவிடும். அந்தப் பழக்கம் பல மருத்துவர்களை இன்னும் விடவில்லை என்பது என் எண்ணம். நரம்பைத் தாக்கும் வகையில் வந்தால் குடலில் ஒன்றுமே இருக்காது. உன் சேவலின் மூளையைத் திறந்தாலும் கண்ணுக்கு எதுவும் புலப்படாது. அரைகுறையாகத் தடுப்பு மருந்து பெற்ற கோழிகளிலும் அடையாளங்கள் மங்கிவிடும். வெயிலில் பல மணி நேரம் கிடந்த கோழி என்றால் பித்தம் கசிந்து குடலே பச்சையாகிவிடும், அதையும் நோய் என்று நினைக்கத் தோன்றும்.

இன்னொரு பக்கம், கம்போரோ என்ற வேறொரு வைரஸ் நோய் வந்த 3 முதல் 6 வாரக் குஞ்சுகளிலும் அந்த இரண்டு பைகளும் சேரும் இடத்தில் ரத்தக் கசிவு உண்டு. தொடைக் கறியில் ரத்தத் திட்டுகளும், ஆசனவாய்க்கு மேலே இருக்கும் பர்சா என்ற எதிர்ப்புச் சக்தி உறுப்பின் வீக்கமும்தான் அதைப் பிரித்துக் காட்டும்.

எனக்குப் பயம் கம்போரோவைப் பற்றி இல்லை. கடுமையான பறவைக் காய்ச்சலிலும் அதே சுரப்பு இரைப்பையில் அதே சிவப்புப் பொட்டுகள் வரும். கொண்டை நீலம் பாய்வது, முகம் வீங்குவது, கால் செதில்களுக்கு அடியில் சிவப்பது, கணையத்தில் திட்டுகள் என்று இருந்தால் சந்தேகம் வலுக்கும். இவை இல்லையென்றால் அது இல்லை என்று சொல்லிவிட முடியாது. 2012 அக்டோபரில் எங்களுக்குப் பக்கத்து ஹெசரகட்டாவில், அரசுக் கோழிப் பண்ணையில் வான்கோழிகள் செத்தபோதும் போபாலில் உள்ள கால்நடை நோய் ஆய்வகம்தான் எச்5என்1 பறவைக் காய்ச்சல் என்று உறுதி செய்தது. ராணிகேத் வைரஸ் மனிதனுக்குப் பெரும்பாலும் கண் சிவப்போடு போய்விடும். பறவைக் காய்ச்சலில் அந்தச் சலுகை கிடையாது. முகக்கவசமும் கையுறையும் இல்லாமல் சமையலறைத் திண்ணையில் கோழியைக் கிழிக்க வேண்டிய அவசியம் என்ன?

உடனே உங்கள் ஊர் கால்நடை மருத்துவருக்குப் போன் செய். அவர் வரும்வரை, புதிதாகச் செத்த இரண்டு மூன்று கோழிகளை இரட்டைப் பிளாஸ்டிக் கவரில் கட்டி ஐஸ் பெட்டியில் வை. ஒரே கோழியை வைத்து முடிவு சொல்லச் சொல்லாதே. ஃப்ரீசரில் போடாதே, திசு உடைந்துபோகும். மிச்சத்தைப் பாதி விலைக்குத் தள்ளிவிடச் சொல்லி யாராவது வந்தால் கேட்டை மூடு. மெடிக்கல் ஷாப்பில் கொடுக்கும் ஆன்டிபயாடிக் வைரஸை ஒன்றும் செய்யாது.

ஒன்று மட்டும் திட்டுகிறேன். ராணிகேத்துக்கு முதல் வாரம் லசோட்டா தடுப்பு மருந்துச் சொட்டு, 4-ஆம் வாரம் இன்னொரு முறை, 8-ஆம் வாரம் ஊசி என்று எழுதிக் கொடுத்திருந்தேன். "நாட்டுக்கோழிக்கு எதிர்ப்புச் சக்தி தானாக இருக்கும்" என்று யார் சொன்னது உனக்கு? பிப்ரவரியில் கோழிக்கழிச்சல் தடுப்பூசி முகாம் போடுவதே அந்த நாட்டுக்கோழிகளுக்காகத்தானே.

ரசல் மார்க்கெட்டில் நம்மூர்க்காரர் ஒருவர் உன் கோழிகளை எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார். இப்போதைக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன், கோபித்துக்கொள்ளாதே. பையனுக்கு எலக்ட்ரானிக் சிட்டியில் வேலை கிடைத்துவிட்டது. இங்கிருந்து போய்வருவதற்குள் பாதி நாள் போய்விடுகிறது என்று புலம்புகிறான். தங்கச்சியை நான் கேட்டதாகச் சொல்.

ரிசல்ட் வந்ததும் கூப்பிடு, ராத்திரியானாலும் பரவாயில்லை.

அன்புடன்,
ரவி