சியாட்டில்காரங்களுக்கும் வியாபாரம் தெரியும் சார்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன இதழ்ல வந்த கிரஞ்ச் மியூசிக் (சியாட்டில் பக்கம் கிளம்புன கரடுமுரடான ராக் இசை) கட்டுரைய படிச்சேன். அமெரிக்காவுல இருக்கற சியாட்டில் ஊரு பேண்டுகள பத்தி தமிழ்ல நாலு பக்கம் வர்றதே பெரிய விஷயம், அதுக்கு முதல்ல நன்றி. ஆனா கட்டுரை முழுக்க ஒரே ராகம்தான். காசு மேல ஆசையே இல்லாத பசங்க மழை ஊர்ல உக்காந்து சுத்தமா ஒரு இசைய வாசிச்சிட்டு இருந்தாங்களாம், 1991ல பெரிய கம்பெனிக்காரன் வந்து அத கெடுத்துட்டானாம். கேக்க நல்லாத்தான் இருக்கு, ஆனா நடந்தது வேற.

விக்கணும்ங்கற எண்ணம் அந்த ஊருக்குள்ளயே இருந்துச்சு, அதுவும் தாராளமாவே இருந்துச்சு. அந்த ஊரு ரெக்கார்டு கம்பெனி சப் பாப்ப எடுத்துக்கோங்க. ப்ரூஸ் பேவிட், ஜானதன் போன்மன்னு ரெண்டு பேர் நடத்துனாங்க, கையில காசு நிக்காது ஆனா பில்டப் குடுக்கறதுல கில்லாடிங்க. 1988ல சிங்கிள்ஸ் கிளப்னு ஒன்னு ஆரம்பிச்சு, சந்தா கட்டுனா மாசாமாசம் ஒரு ரெக்கார்டு தபால்ல வரும்னாங்க. முதல்ல போட்டது கர்ட் கோபேன் பாடுன நிர்வானா பேண்டோட சிங்கிள், மொத்தமே ஆயிரம் காப்பி சொச்சம்தான், கையால நம்பர் வேற எழுதி. கம்மியா போட்டாதான் ஜனம் அடிச்சிக்கிட்டு வாங்கும்னு தெரிஞ்ச ஆளுங்க. அடுத்த வருஷம் மெலடி மேக்கர்ங்கற இங்கிலாந்து இசைப் பத்திரிகைல எழுதிட்டு இருந்த எவரெட் ட்ரூவ இவங்களே செலவு பண்ணி இங்கிலாந்துல இருந்து வரவழைச்சு, எல்லா பேண்டையும் காட்டி அனுப்ப, அவரு போய் எழுதினதுக்கு அப்புறம்தான் சியாட்டில்னு ஒரு சங்கதி இருக்குன்னே அங்க பல பேருக்கு தெரிஞ்சுது. சார்லஸ் பீட்டர்சன் எடுத்த கருப்பு வெள்ளை போட்டோக்கள தேடிப் பாருங்க, பாடகன் மூஞ்சியே தெரியாது, முடியும் வேர்வையும் லைட்டு இழுத்துக்கிட்டு போன கோடும்தான் தெரியும். ரெக்கார்டு கவர்ல திரும்பத் திரும்ப அந்த மாதிரி போட்டோவ போட்டு, தூரத்துல இருந்து பாத்தாலே இது சப் பாப் சரக்குன்னு தெரியற மாதிரி பண்ணி வச்சிருந்தாங்க. இதுக்கு பேரு வியாபாரம் இல்லாம வேற என்ன சார்?

நிர்வானாவோட முதல் ஆல்பம் ப்ளீச், 1989ல வந்தது, ரெக்கார்டிங் செலவு 606 டாலர் 17 சென்ட். உங்க கட்டுரையாளர் இத எளிமைக்கு உதாரணமா சொல்றாரு, சரி, ஆனா அந்தக் காசு யார் குடுத்தாங்கன்னு சொல்லல. ஜேசன் எவர்மேன்னு ஒருத்தர் குடுத்தாரு. அந்த ஆல்பத்துல அவரு ஒரு நோட்டு கூட வாசிக்கல, ஆனா கவர்ல கிட்டாரிஸ்ட்னு பேரும் இருக்கு போட்டோவும் இருக்கு. எனக்கு ரொம்ப பிடிச்ச விஷயம் இது. அதுல தப்பு ஒன்னும் இல்ல, காசு குடுத்தவன் பேர போடறது மரியாததான்.

அப்புறம் நிர்வானாவோட அடுத்த ஆல்பம் நெவர்மைண்ட். கம்பெனி திட்டம் போட்டு ஊதிப் பெருசாக்குன ஆல்பம்னு எழுதியிருக்காரு. 1991 செப்டம்பர்ல அமெரிக்காவுல முதல் சரக்கா கடைக்கு போனதே ஏறக்குறைய 46,000 காப்பிதான். 1992 ஜனவரியில அது மைக்கேல் ஜாக்சனோட டேஞ்சரஸ் ஆல்பத்த முதலிடத்துல இருந்து இறக்குனப்ப கெஃபன் கம்பெனிக்காரங்களே எதிர்பாக்கல. இன்னொரு விஷயம், அதே 1991ல தான் எந்த ஆல்பம் அதிகம் விக்குதுன்னு வரிசைப்படுத்தற பில்போர்டு சார்ட், கடை பில்லுல பதியற பார்கோடு கணக்குக்கு மாறுச்சு. அதுக்கு முன்னாடி கடைக்காரங்க எது ஓடுதுன்னு வாயால சொல்றதுதான் கணக்கு. உண்மையான பில்லு தெரிய ஆரம்பிச்ச உடனே ராப், கண்ட்ரி எல்லாம் மேல ஏறுச்சு, நெவர்மைண்டும் அந்த நேரத்துல வந்துச்சு. எம்டிவி ஒன்னுதான் காரணம்னு சொல்றது பாதிக் கதை. போகட்டும், எதிர்ப்பு கீதம்னு உலகமே கொண்டாடுன ஸ்மெல்ஸ் லைக் டீன் ஸ்பிரிட் பாட்டோட தலைப்புல வர்ற டீன் ஸ்பிரிட்டே ஒரு டியோடரண்ட் பேருதான். பாடகி கேத்லீன் ஹன்னா சுவத்துல கிண்டலா கிறுக்குனத கோபேன் ஏதோ புரட்சி வசனம்னு நெனச்சுட்டாரு.

ஃபேஷன்காரங்கள திட்டினதுல எனக்கு முழு சம்மதம். செகண்ட்ஹேண்ட் கடையில குளிருக்கு வாங்கிப் போட்ட கட்டம்போட்ட சட்டைய 1992ல டிசைனர் மார்க் ஜேக்கப்ஸ் பட்டுத்துணியில பண்ணி பெர்ரி எல்லிஸ் கம்பெனி பேர்ல மேடையேத்துனாரு, அந்த கலெக்ஷனால அவருக்கு வேலையே போச்சு. இது மட்டும் எழுதிட்டு விட்டுட்டீங்க. 2018ல அவரு அதே கிரஞ்ச் துணிய திரும்ப கொண்டுவந்தப்ப, எங்க ஸ்மைலி படத்த சுட்டுட்டேன்னு கேஸ் போட்டது நிர்வானா பேர்ல இருக்கற கம்பெனி. இங்க பிளாட்பாரத்துல தொங்குற டீசர்ட்ல இருக்கே, அதே மஞ்சள் ஸ்மைலிதான். கண்ணுக்கு பதிலா எக்ஸ் போட்டது.

என்னோட பெரிய வருத்தம் வேற. வியாபாரம் உண்மையிலயே கழுத்தப் பிடிச்ச இடம் கச்சேரி டிக்கெட், அத பத்தி கட்டுரைல ஒரு வரி கூட இல்ல. 1994ல இன்னொரு சியாட்டில் பேண்டான பேர்ல் ஜாம் உச்சத்துல இருந்தாங்க, முந்தின வருஷம் அவங்க ஆல்பம் முதல் வாரத்துலயே 9 லட்சத்துக்கு மேல வித்திருந்துச்சு. அப்படிப்பட்ட பேண்டு, டிக்கெட் 20 டாலருக்குள்ள இருக்கணும், அது மேல போடற சர்வீஸ் சார்ஜ் 10 சதவீதத்த தாண்டக் கூடாதுன்னு டிக்கெட் விக்கற கம்பெனியான டிக்கெட்மாஸ்டர்கிட்ட மல்லுக்கு நின்னாங்க. அவங்க ஒத்துக்கல. பெரிய அரங்கங்க எல்லாம் டிக்கெட்மாஸ்டர் கூட ஒப்பந்தத்துல மாட்டியிருந்ததால வேற வழியே கிடையாது, ஏகபோகம்னு அரசாங்கத்துகிட்ட புகார் குடுத்தாங்க. 1994 ஜூன்ல பேண்டுல இருந்த ஸ்டோன் கோசார்ட், ஜெஃப் ஏமெண்ட் ரெண்டு பேரும் நாடாளுமன்ற கமிட்டி முன்னாடி உக்காந்து சாட்சி சொன்னாங்க. அந்த கோடை டூரையே கேன்சல் பண்ணுனாங்க, அடுத்த வருஷம் டிக்கெட்மாஸ்டர் இல்லாத இடமா தேடித்தேடி வாசிக்கப் பாத்து அதுவும் பாதியில திணறுச்சு. 1995 ஜூலையில அரசாங்கம் விசாரணைய மூடிடுச்சு. சில வருஷம் கழிச்சு அவங்களும் திரும்ப டிக்கெட்மாஸ்டர்கிட்டயே போக வேண்டியதாச்சு. அவ்ளோ ஆல்பம் விக்கற பேண்டாலயே முடியலன்னா யாரால முடியும்? இன்னைக்கு ஆப்ல படத்துக்கு புக் பண்ணும்போது கன்வீனியன்ஸ் ஃபீனு ஒன்னு கட்டறோமே, அதே சண்டைதான் இது, உங்க வாசகர்களுக்கு இதுதான் டக்குனு புரிஞ்சிருக்கும்.

ரேடியோவும் அப்படித்தான். ஒரு கம்பெனி அமெரிக்கா முழுக்க இத்தன ஸ்டேஷன்தான் வச்சிக்கலாம்னு இருந்த வரம்ப 1996 சட்டத்துல எடுத்துட்டாங்க, சில வருஷத்துல கிளியர் சேனல்ங்கற ஒரே கம்பெனி கையில ஆயிரத்துக்கு மேல ஸ்டேஷன். அப்புறம் ஊருக்கு ஊரு ஒரே மாதிரி கரகரத் தொண்டை பாட்டுதான் ஓடுச்சு, கிரீட், நிக்கல்பேக் மாதிரி பேண்டுங்க எல்லாம் அந்த ரேடியோவுக்கு அளவெடுத்து தச்ச மாதிரி வந்தவங்க.

கோபேன் சாவ புகழ் கொன்னுடுச்சுன்னு ஒரே வரியில முடிச்சதும் பிடிக்கல. தீராத வயித்து வலி, ஹெராயின், மனச்சோர்வு எல்லாம் சேந்து இருந்த 27 வயசு ஆளு அவரு. கட்டுரையோட வாதத்துக்கு சாட்சியா அவர நிறுத்த வேண்டாம்.

கடைசியா 43ஆம் பக்க பாக்ஸ். சியாட்டில் இளைஞர்களின் ரகசிய பாஷைன்னு போட்டிருக்கீங்களே, லேம்ஸ்டெய்ன், காப் நாப்ளர்னு, அதுல ஒன்னு கூட நிஜம் இல்ல. 1992 நவம்பர்ல நியூயார்க் டைம்ஸ்காரங்க போன் பண்ணி உங்க ஊரு பசங்க எப்படி பேசுவாங்கன்னு கேட்டப்ப, சப் பாப்ல முன்னாடி ரிசப்ஷனிஸ்டா இருந்த மேகன் ஜாஸ்பர் வாய்க்கு வந்தத அடிச்சு விட்டாங்க, பத்திரிகைக்காரங்களும் அப்படியே அச்சுல ஏத்திட்டாங்க. பேஃப்ளர்ங்கற சின்ன பத்திரிகை அப்பவே போட்டு உடைச்ச விஷயம் இது. அந்தம்மா பின்னாடி சப் பாப்புக்கே சிஇஓ ஆனாங்க. முப்பது வருஷம் கழிச்சு நம்ம பத்திரிகையும் அந்த லிஸ்ட்ல சேந்துடுச்சு, அடுத்த இதழ்ல ஒரு திருத்தம் போட்டுடுங்க சார்.

இப்படிக்கு,
உங்கள் நீண்ட நாள் வாசகர்,
ஈரோடு