எலுமிச்சையும் புகையிலையும்

ஆசிரியருக்கு வணக்கம்.

போர், வெள்ளம், நிலநடுக்கம் என்று எந்தப் படம் பத்திரிகையில் வந்தாலும் 'உச்சுக் கொட்டி என்ன ஆகப்போகிறது' என்று கேட்க ஒருவர் கிளம்பிவிடுகிறார். உச்சுக் கொட்டுவதோடு நின்றால் ஒன்றும் ஆகாதுதான். ஆனால் அதுகூட இல்லாமல் எந்த உதவி இயக்கம் தொடங்கியிருக்கிறது, சொல்லுங்கள்?

செஞ்சிலுவையையே எடுத்துக்கொள்வோம். அதற்கு வித்திட்ட ஹென்றி டுனாண்ட் துறவியோ டாக்டரோ இல்லை. அல்ஜீரியாவில் ஆரம்பித்த மாவு ஆலைத் தொழிலுக்குத் தண்ணீர் உரிமை வேண்டும் என்று, அப்போது இத்தாலியில் படையோடு இருந்த பிரெஞ்சுப் பேரரசர் மூன்றாம் நெப்போலியனைப் பார்க்கப் போன ஜெனீவா வியாபாரி. 1859 ஜூன் 24 அன்று வட இத்தாலியின் சோல்ஃபெரினோவில் அந்தப் பிரெஞ்சுத் தரப்புக்கும் ஆஸ்திரியப் படைக்கும் சண்டை, ஒரே நாளில் செத்தவர்களும் காயம்பட்டவர்களுமாகச் சுமார் 40,000 பேர். பக்கத்து ஊர் காஸ்திலியோனேயில் தேவாலயத் தரையெல்லாம் காயம்பட்டவர்கள் கிடந்தார்கள், மருத்துவர்கள் விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான் இருந்தார்கள். மனுஷர் வந்த வேலையை மறந்துவிட்டு அங்கேயே தங்கிவிட்டார்.

எனக்குப் பிடித்த இடம் இதற்கு அப்புறம் வருவதுதான். தன் வண்டிக்காரரைப் பக்கத்து நகரத்துக்கு அனுப்பி அவர் வாங்கி வரச் சொன்ன சாமான்களில் கட்டுத்துணி, எலுமிச்சை, சர்க்கரை, சட்டை எல்லாம் சரி, கூடவே புகையிலையும் இருந்தது! வலியில் துடிக்கிறவன் என்ன கேட்கிறான் என்று குனிந்து காது கொடுத்தவருக்குத்தான் அது தோன்றும். சிறுவர்கள் வாளியில் தண்ணீர் சுமந்தார்கள், ஊர்ப் பெண்கள் பிரெஞ்சுக்காரன், ஆஸ்திரியன் என்று பார்க்காமல் 'எல்லாரும் சகோதரர்கள்' என்று சொல்லிக்கொண்டே காயம் கழுவினார்கள்.

இரக்கம் அத்தோடு தீர்ந்திருந்தால் அது நல்ல மனிதர் ஒருவரின் சில நாள் கதை. அவர் ஊர் திரும்பி, பார்த்ததை எழுதி 1862இல் சொந்தச் செலவில் அச்சடித்தார். சண்டை வருமுன்பே பழகிய தொண்டர்களைத் தயாராக வைத்திருக்கக் கூடாதா என்பதுதான் அதில் அவர் கேட்ட கேள்வி. 1863இல் ஜெனீவாவில் பின்னாளில் செஞ்சிலுவையான குழு அமைந்தது, 1864இல் போரில் காயம்பட்ட வீரர்களைக் காப்பதற்கான முதல் ஜெனீவா உடன்படிக்கையில் 12 நாடுகள் கையெழுத்துப் போட்டன. (ஆலைத் தொழில் என்ன ஆயிற்று என்றால், 1867இல் மனுஷர் திவால்.)

எக்லன்டைன் ஜெப் என்ற ஆங்கிலேயப் பெண்மணி விஷயமும் இதே மாதிரிதான். முதல் உலகப் போர் முடிந்த பிறகும் எதிரி நாட்டுக் குழந்தைகள் பட்டினி கிடக்கிறார்கள் என்று 1919இல் லண்டனில் துண்டறிக்கை கொடுத்ததற்காக நீதிமன்றம் 5 பவுண்டு அபராதம் போட்டது. அவருக்கு எதிராக வாதாடிய அரசு வக்கீலே அந்தத் தொகையைக் கொடுத்தாராம். குழந்தைகளுக்கு உதவ அவர் தொடங்கிய 'சேவ் தி சில்ட்ரன்' அமைப்பு பிறந்தது அதே வருடம்தான். எதிரியின் குழந்தைக்கு இரங்குவதா என்று அன்றைக்கும் கேட்டவர்கள் உண்டு, இன்றைக்கும் கேட்கிறார்கள்.

அதனால் உங்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை அழுகிற முகம் ஒன்றை முதல் பக்கத்தில் போடும்போது, அங்கே இப்போது என்ன தேவைப்படுகிறது, போர்வையா, தண்ணீரா, மாத்திரையா என்று படத்துக்குக் கீழே இரண்டு வரி சேர்த்துப் போடுங்கள். மூன்று மாதம் கழித்து அதே இடத்துக்கு ஒரு நிருபரைத் திரும்ப அனுப்பவும் முடியுமா?

இப்படிக்கு,
உங்கள் வாசகர்