கம்பைலர் தானாகப் பார்த்துக்கொள்வதில்லை

மதிப்புக்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழில் முழு எண்கள் பற்றி வந்த கட்டுரையில், சின்ன எண்ணைப் பெரிய அளவுக்கு மாற்றுவதில் கவலைப்பட ஒன்றுமில்லை, கம்பைலர் தானாகப் பார்த்துக்கொள்ளும் என்று ஒரு வரி வந்திருந்தது. அதைப் படித்த பிறகு மீதிக் கட்டுரையில் மனம் செல்லவில்லை. நிரலை இயந்திரக் கட்டளைகளாக மாற்றுவது கம்பைலர்; அந்தக் கட்டளைகளை உருவாக்கும் அதன் கடைசிப் பகுதியான பேக்எண்டில் வேலை செய்பவன் நான். தானாக அங்கே எதுவும் நடப்பதில்லை. ஒவ்வொரு மாற்றத்துக்கும் யாரோ யோசித்து எழுதிய விதி இருக்கிறது. விதி பிசகினால் விடையும் பிசகும், அதுவும் சத்தமே இல்லாமல்.

தாங்கள் அறியாததல்ல. 8 பிட்டில் (0, 1 இலக்கங்கள் எட்டில்) 11001000 என்று இருந்தால், பிளஸ், மைனஸ் குறி இல்லாத எண்ணாகப் படித்தால் அது 200, குறியுள்ள எண்ணாகப் படித்தால் -56. 32 பிட்டுக்கு நீட்டும்போது மேலே பூஜ்யங்களை நிரப்புவதா, ஒன்றுகளை நிரப்புவதா என்று அந்த பிட்டுகளைப் பார்த்துச் சொல்லவே முடியாது. எல்எல்விஎம் என்ற கம்பைலர் கட்டமைப்பில், மூல நிரலுக்கும் இயந்திரக் கட்டளைகளுக்கும் நடுவே உள்ள இடைநிலை மொழியில் இன்டிஜர் டைப்புக்கு (முழு எண் வகைக்கு) குறியே கிடையாது. நீட்டும் கட்டளைதான் குறியோடா, குறியில்லாமலா என்று சொல்கிறது. மூல நிரலின் டைப்பைப் பார்த்து அந்தக் கட்டளையைச் சரியாகத் தேர்ந்தெடுத்தால்தான் உண்டு.

நான் இருந்த ஒரு குழுவில் நடந்ததைச் சொல்கிறேன். ஒரு 32 பிட் மதிப்பை 8 பிட்டாக வெட்டி, உடனே குறியோடு 32-க்கு நீட்டும் இரண்டு கட்டளைகள் அடுத்தடுத்து வந்தன. வெட்டியதையே திரும்ப நீட்டுவது வீண் வேலை என்று, நிரலை வேகமாக்கும் ஓர் ஆப்டிமைசேஷன் இரண்டையும் தூக்கிவிட்டது. மதிப்பு -128 முதல் 127 வரைக்குள் இருந்தால் அது சரிதான். 200 வந்தால் விடை -56 ஆக வேண்டும். ஆனால் 200 அப்படியே நின்றது. சோதனைகளில் இருந்தவை எல்லாம் சின்ன எண்கள் என்பதால் ஒன்றுகூடத் தோற்கவில்லை. தவறு தெரியவந்தது, கம்பைலரை நம்பி வாங்கியவர்களின் நிரலில். அந்த ஜோடியை நீக்குமுன் வெட்டப்படும் 24 பிட்டுகளும் மிஞ்சும் எட்டில் மேலே உள்ளதும், ஆக 25 பிட்டுகளும் ஒரே மாதிரி இருக்கின்றன என்று நிரூபித்தாக வேண்டும். அதைச் செய்யும் நிரலை எழுதுவது மனிதர்கள்தான், ஐயா.

இதில் பிராசசர்களும் ஆளுக்கொரு வழி. எக்ஸ்86-64 பிராசசரில் 64 பிட் ரெஜிஸ்டரின் (பிராசசருக்குள் மதிப்பை வைக்கும் இடத்தின்) கீழ் 32 பிட்டில் எழுதினால் மேல் பாதி பூஜ்யமாகிவிடும், 8 அல்லது 16 பிட் பகுதியில் எழுதினால் மேலே பழைய குப்பை அப்படியே இருக்கும். 64 பிட் ரிஸ்க்-ஃபைவ் பிராசசரிலோ, குறியில்லாத 32 பிட் எண்ணைக்கூடக் குறியோடு நீட்டித்தான் ரெஜிஸ்டரில் வைக்க வேண்டும் என்பது அதன் ஏபிஐ விதி, அதாவது தனித்தனியாக உருவான நிரல்கள் ஒன்றோடொன்று இணைய வகுத்த விதி. ஃபங்ஷனுக்கு அனுப்பும் சின்ன எண்ணை நீட்டுவது யார் பொறுப்பு? 64 பிட் ஆர்ம் பிராசசரின் பொது விதிப்படி மேல் பிட்டுகளை அழைக்கப்படும் ஃபங்ஷன் நம்பக் கூடாது. அதே ஆர்மில் ஆப்பிளின் விதி, 32 பிட்டுக்குக் குறைந்தவற்றை அழைப்பவரே நீட்டி அனுப்ப வேண்டும் என்கிறது. இத்தனையும் ஒரே வரியில் அடங்கிவிட்டது என்பதுதான் வருத்தம்.

முன்பும் இப்படித்தான். ஏரியான் 5 ராக்கெட் பற்றி எழுதியபோது, எண் வெட்டுப்பட்டதால் விழுந்தது என்று முடித்துவிட்டீர்கள். 1996 ஜூன் 4 அன்று நடந்தது வேறு. 64 பிட் ஃப்ளோட் (தசம எண்) மதிப்பு, குறியுள்ள 16 பிட் இன்டிஜருக்குள் அடங்கவில்லை. அது மௌனமாக வெட்டப்படவில்லை, எக்செப்ஷன் (பிழை அறிவிப்பு) எழுந்தது. அதைக் கையாள ஏற்பாடு இல்லாததால் வழிகாட்டும் கருவி நின்றுபோனது. அப்போதே எழுதினேன், பிரசுரிக்கவில்லை. அப்புறம் கம்பைலர் தொடர் ஒன்று தொடங்கினீர்கள். நிரலின் இலக்கணத்தைப் படிக்கும் முன்பகுதியான பார்சரோடு நின்றுவிட்டது. பேக்எண்டை யாரும் படிக்க மாட்டார்கள் என்று நினைத்தீர்களோ என்னவோ. நான் காத்திருந்தேன்.

அடுத்த இதழில் இரண்டு வரித் திருத்தம் போடுங்கள், போதும். சின்ன எண்ணை நீட்டும்போது டைப்பில் குறி உண்டா இல்லையா என்பதை நிரல் எழுதுபவரும் பார்க்க வேண்டும் என்று அதில் இருக்கட்டும்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகன்