ஒரு வல்லின ற கேட்டு: ஊர்ப்பலகை அதிகாரிகளுக்குத் திறந்த மடல்

சாலைப் பெயர்ப்பலகைகளுக்குப் பொறுப்பான அதிகாரிகளுக்கு,

வணக்கம். காவிரிக்கரையில் இருக்கும் எங்கள் ஊரின் பலகை விவகாரம் உங்களுக்குப் புதிதல்ல. இரண்டு முறை மனு கொடுத்திருக்கிறோம், இரண்டுக்கும் ஒப்புகைச் சீட்டு என்னிடம் இருக்கிறது. சாலையை அகலப்படுத்தியபின் வைத்த புதுப் பலகையில் "துறை" என்று முடிய வேண்டிய ஊர்ப்பெயர் "துரை" என்று முடிகிறது. அதைத் திருத்தித் தாருங்கள் என்பதுதான் அன்றும் இன்றும் எங்கள் கோரிக்கை.

போன ஞாயிற்றுக்கிழமை நடந்ததைச் சொல்கிறேன். கும்பகோணத்தில் பஸ் ஏறி மகளோடு ஊருக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். பஸ்ஸில் உட்கார்ந்தால் நாங்கள் ஆடுவது ஊர் அந்தாதி. ஒருவர் சொன்ன ஊர் முடிகிற எழுத்தில் அடுத்தவர் ஓர் ஊர் சொல்ல வேண்டும். அந்த எழுத்தில் சொல் தொடங்காது என்றால் அதற்கு முந்தைய எழுத்து. ஊரைச் சொன்னால் மட்டும் போதாது, அதைப் பற்றி ஒரு சேதியும் சொல்லணும், இது எங்கள் வீட்டுச் சட்டம். குடவாசல் என்றேன். அவள் லால்குடி என்றாள், அதன் பழைய பெயர் திருத்தவத்துறை என்றும் சொன்னாள். நான் குத்தாலம். அவள் மயிலாடுதுறை, "ஆயா மாயவரம்னுதான் சொல்லும்."

அதற்குள் ஆடுதுறை வந்துவிட்டது. 1922 முதல் இங்கே நெல் ஆராய்ச்சி நடக்கிறது, தாத்தா வயலில் போடும் ஏடிடி நெல்லுக்குப் பெயர் வந்ததே இந்த ஊரிலிருந்துதான் என்று காட்டினேன். அடுத்து நரசிங்கன்பேட்டை, ஆச்சா மரத்தில் நாயனம் கடையும் ஊர். ஜன்னல் கம்பியில் நெற்றியை வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தாள். 'து'வில் ஊர் தேட வேண்டிய என் முறை அப்படியே நின்றிருந்தது.

அப்புறம் எங்கள் ஊர் எல்லை. பலகையைப் படித்துவிட்டு அவள் கேட்டாள்: "நம்ம ஊரு துரைன்னுல்ல முடியுது? அப்ப ரா வச்சு ராசிபுரம் சொல்லலாமா?" கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஏம்பா, நம்ம ஊர்ல எந்த துரை இருந்தாரு?"

எனக்கு வாய் எழவில்லை. பின் சீட்டில் இருந்த ஆச்சிதான் பதில் சொன்னார். "துரையும் இல்ல, ஜமீனும் இல்ல பாப்பா. ஆத்துல இறங்குற துறை."

ஆமாம், அந்தத் துறைதான். பாலம் வருவதற்கு முன்பு அக்கரை வயலுக்கு ஓடம் போனது அங்கிருந்துதான். ஆடிப்பெருக்கு அன்று பெண்கள் காதோலை கருகமணி விட்டு மஞ்சள் கயிறு கட்டிக்கொள்வது இன்றும் அந்தப் படியில்தான். எங்கள் ஊருக்குப் பெரிய கோபுரம் கிடையாது, புத்தகத்தில் ஏறிய கல்வெட்டும் கிடையாது. இருக்கும் வரலாறு எல்லாம் அந்தப் பெயரில்தான் இருக்கிறது. அதிலும் ஓர் எழுத்தை மாற்றிவிட்டால் என் மகள் எதைப் பிடித்துக்கொண்டு கேள்வி கேட்பாள்?

மனுவோடு நேரில் வந்தபோது உங்கள் அலுவலகத்தில் கிடைத்த பதில், "இங்கிலீஷ்ல சரியாத்தானே இருக்கு." ஆங்கிலத்தில் ரகரமும் றகரமும் ஒன்றுதான், அய்யா. தமிழில் இல்லையே. ஆங்கிலப் பட்டியலைப் பார்த்துத் தமிழைத் திருப்பி எழுதியிருக்கிறார்கள் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? 2020 ஜூனில் 1018 ஊர்ப்பெயர்களைத் தமிழ் உச்சரிப்புப்படி ஆங்கிலத்தில் எழுத வேண்டும் என்று அரசாணை வெளியானது, சில நாளில் திரும்பப் பெறவும் பட்டது. ஆங்கில எழுத்துக்கு அத்தனை பேர் உட்கார்ந்து யோசித்த நாட்டில், தமிழ்ப் பலகையின் தமிழைப் பார்க்க ஒருவர் கூடவா இல்லை? இதே பிழை இப்போது பஸ்ஸின் மின்பலகைக்கும் போய்விட்டது, கடைப் பெயர்களுக்கும் வரத் தொடங்கிவிட்டது.

கோபத்தில் கொஞ்சம் கூடுதலாக எழுதியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். கேட்பது ஒன்றுதான்: இடையின ர இருக்கும் இடத்தில் வல்லின ற. பெயின்ட் செலவை ஊரார் ஏற்கிறோம், எழுதுகிற ஆளும் எங்கள் தெருவிலேயே இருக்கிறார். உங்கள் அனுமதிக் கடிதம் மட்டும் வேண்டும். ஆடிப்பெருக்குக்குள் அனுப்பிவைத்தால், அன்று துறைக்கு வரும்போது மகளுக்குப் பலகையைக் காட்டிவிட்டே படியிறங்குவேன்.

இப்படிக்கு,
இரண்டு மனுக்களிலும் முதல் கையெழுத்துப் போட்டவன்