டிங்வாலுக்குப் போய் வந்தேன்

எடின்பரோ

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் வந்தது. கீழே அப்பா தன் கையாலேயே இரண்டு வரி எழுதியிருந்தார். வரி கோணிக்கொண்டு கீழே இறங்குகிறது, எழுத்தின் மேல் எழுத்து ஏறியிருக்கிறது. கண் அவ்வளவு மங்கிவிட்டதா? அதற்கு அப்புறம் வருகிறேன்.

நான் நன்றாக இருக்கிறேன். வேலை நேரத்தைக் கொஞ்சம் குறைத்திருக்கிறார்கள், அதனால் தூக்கத்துக்குக் குறைவில்லை. ஹீட்டர் அதிகம் போடுவதில்லை. இரண்டு ஸ்வெட்டர் போட்டால் போதும், பழகிவிட்டது.

கீழ் வீட்டுத் தாத்தா, அதுதான் பச்சை மஃப்ளர் இல்லாமல் வாசல் தாண்டாதவர், போன சனிக்கிழமை என்னை ஸ்காட்லாந்தின் வடக்கே டிங்வால் என்ற ஊருக்குக் கூட்டிப்போனார். அவருடைய ஹிப்ஸ் கால்பந்து அணிக்கு அங்கே உள்ளூர் அணியான ராஸ் கவுன்ட்டியோடு ஆட்டம். மகன் வர முடியாததால் ஒரு டிக்கெட் மிஞ்சியது. காசு கொடுத்தேன், வாங்கவே மாட்டேன் என்றுவிட்டார். விடியும் முன்பே ரசிகர்கள் பஸ். எலுமிச்சை சாதம் கிளறிக் கொண்டுபோனேன். நீ அனுப்பிய மாவடுவை தாத்தா ஒன்று கடித்துப் பார்த்து, இன்னொன்று கேட்டு வாங்கிக்கொண்டார்!

பெர்த் தாண்டியதும் மலை ஆரம்பம். இதை அப்பாவுக்குப் படித்துக் காட்டு. ட்ரமாக்டர் என்று ஒரு கணவாய். உயரம் 460 மீட்டர்தான், ஏற்காட்டில் மூன்றில் ஒரு பங்குகூட வராது. ஆனால் மரம் என்று ஒன்று கிடையாது. இரண்டு பக்கமும் மொட்டை மலை, மேலே பனி, கீழே காய்ந்து பழுப்பேறிய புல். பனி மூடினால் சாலை எது என்று தெரிவதற்காக ஓரத்தில் உயரமான கம்புகள் நட்டிருக்கிறார்கள். ரொம்ப மோசமானால் கேட் போட்டு சாலையையே அடைத்துவிடுவார்களாம். பக்கத்திலேயே ரயில் பாதை. பிரிட்டன் மெயின் லைனில் இதைவிட உயரமான இடம் இல்லை, 452 மீட்டர். லோகோ ஒர்க்ஸில் காலம் கழித்த மனுஷர், கேட்டால் சந்தோஷப்படுவார். மேலே தீனி கிடைக்காமல் மான் கூட்டம் சாலைவரை இறங்கி வந்திருந்தது. பஸ் சத்தத்துக்கு ஒரு மான் தலையைத் தூக்கிப் பார்த்தது, மூக்கிலிருந்து ஆவி வந்தது, மறுபடி மேய ஆரம்பித்தது.

தாத்தா வழியெல்லாம் 2016 கதைதான். அந்த வருஷம் மார்ச்சில் லீக் கோப்பை இறுதி ஆட்டத்தில் இதே ராஸ் கவுன்ட்டியிடம் 2-1 என்று தோற்றார்கள். மே மாதம் ரேஞ்சர்ஸை 3-2 என்று ஜெயித்து ஸ்காட்டிஷ் கோப்பையை வாங்கினார்கள். அதற்கு முன் வாங்கியது 1902-ல். அவர் அப்பா பார்க்காமலேயே போய்விட்டாராம். மறுநாள் காலை மஃப்ளரோடு கல்லறைக்குப் போய் உட்கார்ந்திருந்ததைச் சொன்னார். பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர்களும் பேச்சை நிறுத்திவிட்டார்கள்.

டிங்வாலில் மொத்தமே ஐயாயிரத்துச் சொச்சம் ஜனம். மைதானத்தில் அதைவிட அதிகம் பேர் உட்காரலாம். அதைத் தாண்டி பென் விவிஸ் மலை வெள்ளையாக நிற்கிறது. மூன்று மணிக்கு ஆட்டம், இடைவேளைக்குள் இருட்டிவிட்டது. மிளகு தூக்கலாக மட்டன் பை விற்கிறார்கள், அந்தக் குளிருக்கு அமிர்தம். எனக்கு முன் வரிசையில் ஒருவர் தன் பையனின் இரண்டு கையையும் தன் கோட்டுக்குள் இழுத்துவைத்துக்கொண்டு, ஆட்டத்திலிருந்து கண்ணை எடுக்காமல் தேய்த்துவிட்டபடியே இருந்தார். அப்பா என்னை சைக்கிள் பாரில் உட்காரவைத்து வியாசர்பாடி மைதானத்துக்குக் கூட்டிப்போவாரே, அக்கா. திரும்பும்போது தூங்கி விழாமல் இருக்க ஒரு கையால் என் நெஞ்சைப் பிடித்துக்கொள்வார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அந்தக் காற்றில் எல்லோருக்குமே கண்ணில் தண்ணீர், யாரும் எதுவும் கேட்கவில்லை. ஆட்டம் சமனில் முடிந்தது.

சரி, அப்பா கண் விஷயம். மாமா தனியார் ஆஸ்பத்திரி என்று பிடிவாதம் பிடிக்கிறார் என்று எழுதியிருக்கிறாய். வேண்டாம். பெரம்பூர் ரயில்வே ஆஸ்பத்திரி இருக்கிறது, பென்ஷன்காரர் கார்டு இருக்கிறது, புரை ஆபரேஷன் அவர்களுக்குப் புதிதல்ல. கார்டில் பெயர் சரியாக இருக்கிறதா என்று முதலில் பார். சர்க்கரை எவ்வளவு இருக்கிறது என்று பரிசோதித்த பிறகுதான் தேதி கொடுப்பார்கள். அதனால் இனிப்பை இப்போதே நிறுத்தச் சொல், அம்மா ஒளித்துக் கொடுப்பதையும் சேர்த்து. இந்த மாதம் பணம் அனுப்பக் கொஞ்சம் நாளாகும், பால்காரருக்கு மட்டும் நீ கொடுத்துவிடு.

பெரியப்பா கேட்கும் பவர் பத்திரம்: இங்கே இந்தியத் துணைத் தூதரகத்தில் கையெழுத்தை அத்தாட்சி செய்து தபாலில் அனுப்புகிறேன். அங்கே வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்டியாக வேண்டும், அவரை அலட்சியமாக விட்டுவிட வேண்டாம் என்று சொல். ஒன்று, வீட்டை வாடகைக்கு விடத்தான் பவர், விற்க இல்லை. வரைவை நீ படித்துப் பார்க்காமல் எனக்கு அனுப்பாதே.

அன்புடன்,
தம்பி