ஒன்பதுக் கணக்கு

பேர்மிங்காம்,
ஞாயிறு இரவு

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் சுகம். குளிர் இன்னும் விடவில்லை. மிளகாய்த்தூள் முடியப்போகிற கதையை அம்மாவிடம் தனியாகச் சொல்கிறேன். இது உங்களுக்கு.

நாலு வீடு தள்ளி இருக்கிற கிழவரிடம் 1965ஆம் ஆண்டு மொரிஸ் மைனர் கார் ஒன்று நிற்கிறது. 1098 சிசி, 48 குதிரைச்சக்தி. மேட்டில் பஸ்ஸே முந்திப் போய்விடும். அவருடைய தகப்பன் இங்கே லோங்பிரிட்ஜ் கார்த் தொழிற்சாலையில் வேலை செய்தவராம். 1951இல் ஒஸ்டின் ஏ30 காருக்கு 803 சிசியில் வந்த எஞ்சின்தான் வளர்ந்து வளர்ந்து, இந்த மைனருக்கும் வந்து, 2000இல் கடைசிப் பழைய மினி வரைக்கும் ஓடியிருக்கிறது. தொழிற்சாலை 2005இல் மூடிவிட்டது.

நேற்றுப் போனபோது பொனற் திறந்திருந்தது. பிளக்குகளைக் கழற்றி வைத்துவிட்டுக் கிழவர் முன்னால் நின்று கைப்பிடியைச் சுற்றுகிறார். பதினாலு வயதுப் பேத்தி, இடைவெளி அளக்கும் மெல்லிய தகடும் கையுமாக வால்வுகளைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள். "எட்டு திறந்திட்டுது" என்றாள். "அப்ப?" என்றார் அவர். அவள் வாய் திறக்க முதல் நான் "ஒன்று" என்றுவிட்டேன். இரண்டு பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

எங்கே படித்தாய் என்று கேட்டார். எங்கள் மாமரத்தடியில் என்றேன். முழுதாகத் திறந்த வால்வின் எண்ணை ஒன்பதில் கழி, வருகிற வால்வைச் சரிபார் என்று நீங்கள் சொல்லித் தந்ததுதானே! இதில் வால்வு இடைவெளி அங்குலத்தின் ஆயிரத்தில் பன்னிரண்டு. தகடு உள்ளே போகவும் வேண்டும், லேசாகப் பிடிக்கவும் வேண்டும். அந்தப் பிடி கையில் வரும்வரை பிள்ளை மூன்று தரம் திருகினாள். கிழவர் வாயே திறக்கவில்லை. நீங்கள் என்றால் பேசியிருப்பீர்கள்.

அப்புறம் நம் ஏ40 காரின் கதையைச் சொன்னேன். தொண்ணூறுகளில் பெற்றோல் தட்டுப்பாட்டில், கார்புரேட்டருக்குள் நாலு சொட்டுப் பெற்றோல் மட்டும் விட்டு ஸ்டார்ட் பண்ணி, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓட்டினோம் என்றதும் பேத்தி சிரித்துவிட்டாள். கிழவர் சிரிக்கவில்லை. பழைய எஞ்சினில் அமுக்கம் குறைவு, அதுதான் தாங்கியிருக்கிறது என்றார். அந்தப் புகை மணத்துக்கு வெட்கப்பட்டு, பள்ளிக்கூட வளைவுக்கு முன்னமே இறக்கிவிடச் சொல்வேனே, அதை மட்டும் அவர்களுக்குச் சொல்லவில்லை.

பெற்றோலுக்கும் மண்ணெண்ணெய்க்கும் குழாயை எப்படிப் பிரித்தீர்கள் என்று கேட்கிறார். எனக்கு ஞாபகமில்லை. படம் கீறி அனுப்புங்கள். காருக்கு ஆள் வந்து விலை கேட்டதாக அம்மா சொன்னா. இப்போதைக்கு விற்க வேண்டாம் அப்பா.

அன்புடன்,
உங்கள் மகன்